பன்னிரண்டுக்கு ஒன்பது

கமலவேணி வீட்டை அளந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். எண்பத்து நாலாம் வருடம், மாசி பிறந்து மூன்றாம் நாள். அதற்குள்ளாகவே வெயில் ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தது. மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே அவர்கள் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் லாரி மூன்று மணிக்கு வரும் என்று சொல்லியிருந்ததால் அப்பா வெள்ளியங்கிரியும் சித்தப்பா சின்னுசாமியும் கிழங்குக் காட்டிலேயே இருந்தார்கள். ஆட்களுக்குக் குடிதண்ணீர் எடுத்துப்போக வந்த கருப்பண்ணனை அவள் நிறுத்திக்கொண்டாள்.

"இந்த நுனிய அந்த மூலையில வெச்சுப் புடிச்சுக்க கருப்பண்ணா. ஆடாமப் புடிக்கோணும்."

கருப்பண்ணன் டேப்பின் நுனியை வாங்காமல் பார்த்தான். அந்தத் தோட்டத்தில் அப்பாவைப் பண்ணாடி என்று கூப்பிட்டு இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறவன். வீட்டின் முன்கூடமான ஆசாரத்தைத் தாண்டி உள்ளே வந்ததே பத்து முறை இருக்காது.

"ஊட்டுக்குள்ளயா அம்மிணி? பண்ணாடிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க."

"படிப்புக்குத்தான். பத்து நிமிசம்."

ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆசாரம், அதன் கிழக்கே அப்பாவும் அம்மாவும் இருக்கும் அறை, மேற்கே சித்தப்பா குடும்பம் இருக்கும் அறை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் மாடு கட்டும் கட்டுத்தரை. சுவர்க்கனம், நிலைவாசலின் உயரம், உத்தரத்தின் அகலம் எல்லாவற்றையும் அவள் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

அவள் சென்னையில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படித்தாள். அந்தக் கல்லூரிக்கும் டென்மார்க்கில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆண்டுக்கு இரண்டு பேர் ஆறு மாதம் அங்கே போய்ப் படிக்கலாம். விண்ணப்பத்தோடு மூன்று காகிதங்கள் வேண்டும். ஆட்கள் குடியிருக்கும் வீடு ஒன்றை அளந்து வரைந்த படம், அங்கே குடியிருக்கிறவர்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு, அரசு அதிகாரி முன்னிலையில் அப்பா போட்ட சம்மதக் கையெழுத்து. அடுத்த புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பேராசிரியர் கையில் சேர்த்துவிட வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் அரண்மனைகளையும் கோயில் வீதி வீடுகளையும் தேடிப் போயிருந்தார்கள். தனக்குத் தெரிந்த வீடே போதும் என்று நினைத்து அவள் ஊருக்கு வந்தாள்.

அந்த ஊர்ப் பக்கத்தில் குடியிருக்கிற வீட்டை யாரும் அளப்பதில்லை. கட்டும்போது கொத்தனார் அளப்பார். கட்டியவர் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் பாகம் பிரிக்கிற அன்றைக்குப் பெரியவர்கள் வந்து அளப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அளவுக்கு அங்கே வேலை கிடையாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கமலவேணி பதினைந்து வயதிலிருந்து விடுதியில் இருந்தவள். அவளுக்கு இது தெரியாமலே போய்விட்டது. கருப்பண்ணனுக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. சொல்கிற இடத்தில் தான் இல்லை என்று நினைத்திருக்கலாம்.

சித்தப்பாவின் மனைவி வசந்தாமணி சமையல்கட்டில் கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டேப் தன் அறை வாசலைத் தாண்டி உள்ளே போனபோது கை நின்றது.

"என்ன அம்மிணி பண்றே?"

"ஊட்ட அளக்கறனுங்க சின்னம்மா. காலேசுக்குப் படம் போடோணும்."

"அப்பா சொன்னாரா?"

"இல்லீங்க, நானேதான்."

வசந்தாமணி முறத்துக்குத் திரும்பினாள். கல் முறத்தில் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அது நின்றது.

வியாழக்கிழமை காலையில் கட்டுத்தரை ஓரம் புகை வந்தது. வசந்தாமணி மூன்று செங்கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். போசியில் தண்ணீர் கொதித்தது. கமலவேணியின் அம்மா காளியாத்தாள் பால் கறந்த சொம்போடு நின்று பார்த்தாள். இரண்டு பெண்களும் பதினாறு வருடங்களாக ஓர் அடுப்பில் ஆக்கியவர்கள். சண்டை போட்டதுண்டு. அடுப்பை மாற்றியதில்லை.

"என்ன வசந்தா இது?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. எங்களுக்கு இங்கயே ஆக்கிக்கறேன்."

"உள்ள அடுப்புக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அடுப்புக்கு ஒரு கேடும் இல்லீங்க. அளந்தாச்சல்ல. பெரியவீக வந்து நீ இந்தப் பக்கம் போன்னு சொல்றதுக்கு முன்னால நானே எடம் பாத்துக்கிட்டா மரியாதையா இருக்குமுங்க."

"புள்ள படிப்புக்கு அளந்துச்சு. அதுக்கு என்ன தெரியும்?"

"மெட்ராசுல நாலு வருசமா ஊடு கட்டற படிப்புப் படிக்கறா. ஊடுன்னா என்னன்னு தெரியாதுங்களா?"

காளியாத்தாள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வழக்கம்போல எல்லாருக்குமாக உலை வைத்தாள். மத்தியானம் பாதிச் சோறு பானையிலேயே இருந்தது.

சாப்பாட்டுக் கூடையோடு கமலவேணி காட்டுக்குப் போனாள். பிடுங்கிய செடிகளிலிருந்து கிழங்கை ஒடித்துக் குவித்திருந்தார்கள். மண் வாசனையோடு கிழங்குப் பாலின் வாசனை கலந்து தலை வலித்தது. சித்தப்பா அந்தக் கோடியில் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் வந்ததைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கருப்பண்ணன் களிக்கு அருகே குந்தி உட்கார்ந்தான்.

"அம்மிணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"சொல்லு."

"டீக்கடையில பேசிக்கறாங்க. வெள்ளியங்கிரிக் கவுண்டரு ஊடு பிரிக்கறாரு, மக வந்து அளந்து போட்டுட்டான்னு. நுனியப் புடிச்சது நானுன்னு என்ற கிட்டயே வந்து கேக்கறானுக, உனக்கு எத்தனை அடிடான்னு."

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னனுங்களே. பண்ணாடிகிட்டக் கேக்கலாமுன்னு." களியை உருட்டி விழுங்கினான். "அதுக்கு மேல என்ன சொல்றது? ஊட்ட அளக்காதீங்க, பாகத்துக்குத்தான் அளப்பாங்கன்னு நான் சொன்னா, அந்த வார்த்தை என்ற வாயில இருந்து வந்ததா ஆயிருமுங்க."

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளியங்கிரிக்கு ஆண்பிள்ளை இல்லை. கமலவேணி ஒருத்திதான். சின்னுசாமிக்கு இரண்டு பையன்கள் மல்லசமுத்திரத்தில் பள்ளிக்கூடம் போனார்கள். அண்ணன் காலத்துக்குப் பிறகு நிலம் மொத்தமும் அந்தப் பையன்களுக்குத்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாரும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பில்தான் குடும்பம் ஓடியது. டேப் அந்த நினைப்பின்மேல் போய் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி போன பிறகு அண்ணனும் தம்பியும் ஆசாரத்தில் உட்கார்ந்தார்கள். சின்னுசாமி காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"பிரிக்கோணுமுன்னா என்றகிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமுங்கண்ணா."

"யாருடா பிரிக்கறது?"

"ஊருக்கே தெரியுது."

"ஊருக்கு என்ன, அடுத்தவன் ஊட்டுல பொகை வந்தாச் சரி. அது பரீச்சை மாதிரிடா. டென்மார்க்குக்குப் போறதுக்கு எளுதிப் போடறது. ஊட்டுப் படம் வேணுமாமா."

"டென்மார்க்குக்காரனுக்கு நம்ம ஊட்டு அளவு எதுக்குங்க? வந்து குடியிருக்கப் போறானா?"

வெள்ளியங்கிரி உள்பக்கம் திரும்பினார். மகளைக் கூப்பிட்டார். கமலவேணி படத்தைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். இன்னும் மை ஏற்றாத பென்சில் படம். இது சுவர், இது கதவு திறக்கிற பக்கம் என்று விரல் வைத்துக் காட்டினாள். எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்றும் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். கிழக்கு அறையில் அப்பா அம்மா என்றும் மேற்கு அறையில் சித்தப்பா சின்னம்மா என்றும் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றிலும் அளவு இருந்தது.

சின்னுசாமி குனிந்து பார்த்தார். கிழக்கு அறை பன்னிரண்டடி. மேற்கு அறை பத்தே முக்கால்.

"ரெண்டும் ஒண்ணுன்னுதான அப்பன் கட்டுனாரு?" என்றார்.

"ஒண்ணுதான்" என்றார் வெள்ளியங்கிரி.

"இதுல ஒண்ணே கால் அடி கொறையுதே."

வெள்ளியங்கிரி மகளைப் பார்த்தார். "தப்பா அளந்துட்டயா?"

"ரெண்டு தடவை அளந்தனுங்கப்பா."

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த வசந்தாமணி பேசினாள். குரல் உயரவில்லை. "கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து அந்த ரூமுலதான் படுத்து எந்திரிக்கறேன். சின்னதுன்னு எனக்குத் தெரியும். எத்தனை சின்னதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

வெளியே மாடு வைக்கோலை இழுக்கும் சத்தம் கேட்டது. வீட்டைக் கட்டிய மனிதர் செத்துப் பதினெட்டு வருடம் ஆயிற்று. எதற்காக ஒரு பக்கம் குறைந்தது என்று கேட்க ஆளில்லை. கல் போதாமல் போயிருக்கலாம். கொத்தனார் நூல் பிடித்ததில் கோணல் வந்திருக்கலாம். இத்தனை நாள் அது ஒரு சங்கதியே இல்லை.

வெள்ளியங்கிரி படத்தை எடுத்தார். இரண்டாக மடித்தார். அதை மறுபடியும் இரண்டாக மடித்துத் தம்பியிடம் நீட்டினார்.

"இந்தா. இது எங்கயும் போகாது."

"அப்பா" என்றாள் கமலவேணி. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

சின்னுசாமி காகிதத்தைப் பிரித்துப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி சமையல்கட்டிலேயே எல்லாருக்கும் சமையல் ஆனது. வசந்தாமணி வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். தட்டைப்பயிற்றுக் குழம்பும் சோறும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்கள். கட்டுத்தரை ஓரத்து மூன்று செங்கற்களை யாரும் எடுத்துப் போடவில்லை.

சனிக்கிழமை காலை கிணற்று மேட்டில் அப்பா தனியாக இருந்தபோது கமலவேணி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"படம் இல்லாம அனுப்ப முடியாதுங்கப்பா."

"வேற ஊடு பாரு."

"யாரு ஊட்டப் பாக்கறதுங்க? எங்க போயி டேப்ப நீட்டினாலும் இதேதான நடக்கும்?"

துவைக்க வந்த காளியாத்தாள் கேட்டுக்கொண்டே கல்லில் துணியை வைத்தாள். "ஆட்டையாம்பட்டில என்ற தம்பி ஊடு இருக்குது. காரை ஊடு, பாக்க நல்லா இருக்கும்."

"அங்க அண்ணன் தம்பி மூணு பேரு" என்றார் வெள்ளியங்கிரி.

காளியாத்தாள் யோசித்தாள். "ஆமா, வேண்டாம். ஏற்கெனவே அவனுக ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறதில்ல." கொஞ்சம் பொறுத்து மகளிடம் கேட்டாள். "நீ போற எடத்துல வெயிலே அடிக்காதாமா? துணியெல்லாம் எப்படிக் காய வெப்பாங்க?"

"காயுமுங்கம்மா."

"ஆறு மாசம் ஈரத் துணிய உடுத்துக்கிட்டு என்ன படிப்போ."

மடை திருப்பிக்கொண்டிருந்த கருப்பண்ணன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "எங்கூட்ட அளந்துக்கங்க அம்மிணி" என்றான். "அங்க பிரிக்கறதுக்குப் பொருளுமில்ல, கேக்கறதுக்கு ஆளுமில்ல. ஒரு புள்ள, அதையும் ராசிபுரத்துப் பக்கம் கட்டிக் குடுத்தாச்சு. டேப்புக்கூட வேண்டாமுங்க, மொழம் போட்டாப் போதும்."

காளியாத்தாள் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் அந்த வீட்டு ஆள் ஒருவர் சிரித்தது அப்போதுதான். வெள்ளியங்கிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு ராத்திரியாகச் சரியாகத் தூங்காதவர்.

"அதச் செய்யி" என்றார். "அளந்து, எளுதி, அனுப்பிப் போடு. திங்கக்கிழமை கையெழுத்துப் போட வாரேன்."

கருப்பண்ணன் குடியிருந்தது தோட்டத்தின் வடக்குக் கோடியில், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியை ஒட்டி. மண்சுவர், பனையோலை, ஒரே அறை. கமலவேணி பிறந்து வளர்ந்த தோட்டம்தான். ஆனாலும் அந்த வாசலில் குனிந்து நுழைந்தது ஞாயிற்றுக்கிழமைதான். கருப்பண்ணனின் மனைவி பெருமாயி விடிவதற்கு முன்பே எழுந்து தரையை மெழுகிவிட்டிருந்தாள். ஈரம் இன்னும் போகவில்லை. பானைகளை வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் வரிசையாக வைத்திருந்தாள். அளக்க இடைஞ்சல் இருக்கக் கூடாதாம்.

"எல்லாத்தையும் அததும் இருந்த எடத்துலயே வெய்யி பெருமாயி. இருக்கறது இருக்கறபடிதான் வரையோணும்."

"அப்படிங்களா சாமி. நல்லா இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

மறுபடியும் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோனார்கள். கருப்பண்ணன் நுனியைப் பிடித்தான். இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. நீளம் பன்னிரண்டடி, அகலம் ஒன்பது. அடுப்பு, உரல், கயிற்றில் தொங்கிய துணி, தவிட்டுப் பானை, கோழிக் கூடை. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பெருமாயி கம்மங்கூழில் மோர் விட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, குடிப்பாளோ மாட்டாளோ என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கமலவேணி குடித்தாள். பிறகு குறிப்புக்காகக் கேட்க ஆரம்பித்தாள்.

"இங்க எத்தனை வருசமா இருக்கறீங்க?"

"அது ஆச்சுங்க" என்றான் கருப்பண்ணன்.

"இருவத்திரண்டு வருசம்" என்றாள் பெருமாயி.

"உனக்கென்னடி தெரியும், நாளும் கெழமையும் எண்ணி வெச்சாப்பல."

"எனக்குத் தெரியாம? உங்க கெணறு வெட்டுன வருசம் வந்தோமுங்க சாமி. கெணத்துல வெடி வெச்சப்பக் கல்லுப் பறந்து வந்து இந்த ஓலை மேல உளுந்துது. அப்ப நான் புதுப்பொண்ணு. பயந்துக்கிட்டு இந்த மூலையில உக்காந்திருந்தேன். அதுக்கு அடுத்த வருசம் பண்ணாடிச்சி உங்களப் பெத்தாங்க. உங்களுக்குத் தண்ணி வாக்கறதுக்குச் சுடுதண்ணி சொமந்தது நானு. உங்களுக்கு இப்ப என்ன வயசுங்க?"

"இருவத்தொண்ணு."

"அப்ப எனக்கு இந்த ஊட்டுல இருவத்திரண்டு."

கமலவேணி எழுதிக்கொண்டாள். பெருமாயி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளந்தா எளுத்து வருமில்லீங்க?"

"என்ன எழுத்து?"

"சும்மா இரு" என்றான் கருப்பண்ணன்.

"கேக்கறதுல என்ன? எளுவத்தொண்ணுல தப்படிச்சுச் சொல்லீட்டுப் போனாங்களே. பண்ணயக்காரங்க நெலத்துல அதுக்கு முன்னால இருந்தே குடிசை போட்டு இருக்கறவங்களுக்கு அந்த எடம் அவங்களுக்கேன்னு சட்டம் வந்திருக்குது, வந்து எளுதிக் குடுங்கன்னு. நாங்க போகல. கீழத்தோட்டத்துல ஒருத்தன் போனான். அடுத்த வாரமே அவன வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. இருக்கற எடம் கெடைக்கும், திங்கற சோறு போயிரும்னா என்ன பண்றதுங்க?"

கமலவேணி கருப்பண்ணனைப் பார்த்தாள். கிணற்று மேட்டில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவன் சொன்ன வேடிக்கைப் பேச்சு, எந்த அளவுக்கு வேடிக்கை என்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை. அவன் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

"இது அதுக்கு இல்ல பெருமாயி. இது என்ற காலேசுக்கு. தாலூக்கா ஆபீசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"தெரியுமுங்க சாமி. இவரு சொன்னாரு." பெருமாயி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "இருந்தாலும் எங்கயாச்சும் ஒரு காயிதத்துல இருக்குதுன்னா மனசுக்குச் சரியா இருக்குமில்லீங்க. எங்க பேரும் வருசமும்."

"எழுதறேன்" என்றாள் கமலவேணி.

அன்றைக்குப் பகல் முழுக்க ஆசாரத்தில் பலகை வைத்து வரைந்து மை ஏற்றினாள். சித்தப்பா குடும்பத்தார் கடந்து போகும்போது பலகையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். படம் நன்றாக வந்தது. தன் வீட்டுப் படத்தைவிட நன்றாக வந்ததாக அவளுக்கே தோன்றியது. ஒரே அறைக்குள் சமையல், தூக்கம், கோழி, தானியம் எல்லாம் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது கோடுகளில் தெளிவாகத் தெரிந்தது. குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினாள். கருப்பண்ணனும் பெருமாயியும் அறுபத்திரண்டாம் ஆண்டிலிருந்து, அதாவது இருபத்திரண்டு வருடங்களாக, இந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று முதல் வரியை வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அப்பாவும் அவளும் இட்டேரி வழியாகப் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பெருமாயி கிழங்குக் காட்டுக்குப் போகாமல் வேலியோரம் காத்திருந்தாள். வெள்ளியங்கிரியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க சாமி. எங்க பேரு எளுதியிருக்குதுங்களா?"

"எழுதியிருக்குது."

"வருசமும்?"

கமலவேணி அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "வருசமும் எழுதியிருக்குது."

"மகராசியா இருங்க."

வெள்ளியங்கிரி படம் சுருட்டிய உருளையை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ்ஸிலும் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

பக்கத்தில் கையெழுத்துப் போடும் தகுதியுள்ள அதிகாரி என்றால் மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். முன்வாசலில் மரச்சட்டத்துக்குள் ஓர் எருமையை நிறுத்தி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சோப்பும் சாணமும் மருந்தும் கலந்த வாசனை.

"கையெழுத்தா?" என்றார் திரும்பாமலே. "உக்காருங்க. இந்த ஆஸ்பத்திரிக்கு மாட்டவிட மார்க் சீட்டுதான் அதிகமா வருது."

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெள்ளியங்கிரி படம் வைத்திருந்த உருளையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் குறிப்ப எடுத்துத் தமிழ்ல சொல்லு."

அவள் சொன்னாள். முதல் வரியைச் சொன்னதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எருமை காலை உதறியது. அதன் சொந்தக்காரன் அதனிடம் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த வருசத்த எடுத்துரு."

"ஏனுங்கப்பா?"

"பேரு இருக்கட்டும். அளவு இருக்கட்டும். வருசம் வேண்டாம்."

"இது டென்மார்க்குக்குப் போறதுங்க. அவங்க இத வெச்சு என்ன பண்ணப் போறாங்க?"

"இதத்தான் உன்ற சித்தப்பனும் கேட்டான். எனக்குப் பதில் தெரியல. தெரியாமத்தான படத்த அவங்கிட்டக் குடுத்தேன்." அவர் கோபமாகப் பேசவில்லை. களைத்துப் போன குரல். "ஒண்ணே கால் அடிக்கே ஊட்டுல அடுப்பு ரெண்டாச்சு. அந்தக் குடிசை இருக்கற எடம் என்ற ஒருத்தனுது இல்ல, அவனுக்கும் பாதி. அறுவத்திரண்டுல இருந்து குடியிருக்கறாங்கன்னு நீ எளுதி, அதே கவருல என்ற கையெழுத்தும் இருந்து, நாளைக்கு அவன் கேட்டான்னா? அண்ணன் மகள உட்டு எடத்தத் தாரை வாத்துட்டாருன்னுதான் சொல்லுவான்."

"கருப்பண்ணன் அங்க இருக்கறது நெசந்தானுங்களே."

"நெசந்தான். அவங்களப் போன்னு நான் என்னிக்காச்சும் சொன்னனா? சொல்லவும் மாட்டேன். இருக்கற வரைக்கும் இருக்கட்டும். ஆனா எளுத்துல வேண்டாம்."

"நான் எழுதறேன்னு பெருமாயிகிட்டச் சொல்லிட்டேன்."

அவர் உருளையை அவள் பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்தார்.

"அப்படின்னா நீ பாத்துக்க, சாமி. அந்த வரி இருந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன். உன்ன அனுப்பக் கூடாதுன்னு இல்ல. போயிட்டு வா. எனக்கு இதுக்கு மேல தாங்காது."

ஊசி முடிந்து எருமை வெளியே போயிற்று. டாக்டர் கை கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தார். "யாருப்பா கையெழுத்து?" என்றார். வெள்ளியங்கிரி எழவில்லை. மகளைப் பார்த்தார்.

அழகாக வந்திருந்த அந்தப் படத்தை அவள் நினைத்தாள். பெருமாயியை நினைத்தாள். வேலியோரத்தில் அந்த முகத்தைப் பார்த்துப் பேசியது தெளிவாக ஞாபகம் இருந்தது. பையைத் திறந்தாள். வெள்ளைத்தாள் இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் அட்டையை வைத்து, குறிப்பை மறுபடியும் முதலிலிருந்து எழுதினாள். கருப்பண்ணனும் பெருமாயியும் இந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று எழுதியதும் பேனா அங்கே நின்றது. புள்ளி வைத்தாள். மற்ற வரிகளைப் பார்த்து எழுதப் பத்து நிமிடம் ஆனது. டாக்டர் பொறுமையாக இருந்தார். இடையில் ஒரு கன்றுக்குட்டியைக் கொண்டு வந்தவனிடம் தீனியைப் பற்றி விசாரித்தார்.

வெள்ளியங்கிரி சம்மதத் தாளில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் அதன் கீழே பச்சை மையில் போட்டு முத்திரை குத்தினார். "எந்த ஊருக்குப் போகுது பாப்பா?" என்று கேட்டார். சொன்னாள். "அங்க மாடெல்லாம் பெருசா இருக்கும்" என்றார்.

பழைய தாளை அப்பா வாங்கி, கிழிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சேலம் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "சாப்பிட்டுக்க" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு அவள் பேராசிரியர் அறையில் நின்றாள். அவர் படத்தை மேசைமேல் விரித்து நான்கு மூலையிலும் புத்தகங்களை வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு நேரம் யார் படத்தையும் பார்த்து அவள் கண்டதில்லை.

"இது உங்க ஊரா?"

"ஆமாங்க சார்."

"ரொம்ப நல்லா இருக்கு. எல்லாரும் பெரிய வீடாக் கொண்டுவந்து குவிச்சிருக்காங்க. இதத்தான் அவங்க எதிர்பார்ப்பாங்கன்னு நினைக்கிறேன்." குறிப்பை எடுத்துப் படித்தார். முதல் வரிக்கு மறுபடியும் போனார். "எவ்வளவு காலமா இருக்காங்கன்னு போடலையே. அவங்க முதல்ல கேக்கறதே அதுதான். சொல்லுங்க, நானே ஓரத்துல எழுதிடறேன்."

பேனாவைத் திறந்து தாளின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையில் அப்பா இல்லை. சித்தப்பா இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அவங்களுக்கே சரியாத் தெரியாதுங்க சார்" என்றாள் கமலவேணி.

அவர் தலையை ஆட்டிவிட்டு, தெரியவில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை எழுதினார். தாள்களைச் சேர்த்துப் பின் குத்தி, பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அவள் போட்டாள்.